ஏழாம் படத்துக்கு நீ ஒன்றும் எழுதவில்லை

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
பௌர்ணமிப் போயாவுக்கு முதல் நாள்.

அன்புள்ள பிள்ளைக்கு,

வைனைப் பற்றி நீ அனுப்பிய பன்னிரண்டு படங்களும் குறிப்புகளும் வந்து மூன்று கிழமையாகிறது. பார்த்துத் திருத்தி அனுப்பச் சொன்னாய். ஓய்வு பெற்ற சித்திர ஆசிரியைக்கு இதைவிட வேறென்ன வேலை என்று நினைத்திருப்பாய், சரிதான். ஆனாலும் இரண்டு கிழமை அந்த உறை அலுமாரிக்கு மேலேயே கிடந்தது. கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது என்று சொல்லலாம். கண்ணாடி மாற்றியது உண்மை.

மருமகனுக்குக் காய்ச்சல் குறைந்துவிட்டதா? கொத்தமல்லியும் இஞ்சியும் போட்டு அவித்துக் கொடு. நீயும் குடி. உன் குரல் அடைத்துப்போய் இருந்தது.

உன் எழுத்து நன்றாக வந்திருக்கிறது. முகத்துக்காகச் சொல்லவில்லை, நான் அப்படிச் சொல்பவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். சிவப்பு மையால் திருத்தியது எல்லாம் ஒற்றுப்பிழைதான். சித்திக்கு வாசித்துக் காட்டினேன். "லண்டனில் தமிழ்க் கிழவன் கிழவிகளை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குடிகாரப் படமா காட்டப்போகிறாள்?" என்று சிரித்தாள். சனிக்கிழமை வகுப்புக்கு வருகிறவர்கள் ஒன்றும் பால்குடிப் பிள்ளைகள் இல்லை, ஊரில் பார்க்காததையா அங்கே பார்க்கப்போகிறார்கள் என்று சொல்லிவிட்டேன். உன்னை யாரும் குறை சொல்ல நான் விடுவதில்லை. ஆனால் ஒரு கிரேக்கக் கிண்ணத்தைப் பற்றி இருபத்தைந்து வரி எழுத நேரம் இருக்கிற உனக்கு, ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு பேசப் பத்து நிமிடத்துக்கு மேல் கிடைப்பதில்லை. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். வைனுக்குத் தமிழில் என்ன போடலாம் என்று கேட்டிருந்தாய். "திராட்சை ரசம்" வேண்டாம். வேதாகமத்தில் அது அழகாக இருக்கும். உன் கிழவர்களுக்கு மிளகும் சீரகமும் தட்டிப்போட்ட ரசம்தான் ஞாபகம் வரும். நம் ஊரில் முந்திரிகைப் பழம் என்பார்கள். மட்டக்களப்பாரோ மலையகத்தாரோ இருந்தால் அதற்கும் விளக்கம் சொல்ல வேண்டி வரும். பழைய சொல் வேண்டுமென்றால் "தேறல்" இருக்கிறது. புறநானூறு 56ஆம் பாட்டில், நக்கீரர் பாண்டியன் நன்மாறனைப் பார்த்து, "யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்" என்கிறார். யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள வைன். பொற்கிண்ணத்தில் ஏந்திப் பெண்கள் ஊட்ட, அவன் குடித்து மகிழ்ந்திருக்க வேண்டுமாம். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945இல் தோண்டியபோது ரோமரின் இரண்டு கைப்பிடிச் சாடிகள் உடைந்த ஓடுகளாகக் கிடைத்தன. புலவர் பொய் சொல்லவில்லை. இதை உன் பேச்சின் தொடக்கத்தில் வை. வைன் வெள்ளைக்காரன் விஷயம் என்று முகம் சுளிக்கிறவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். மற்றபடி வைனை வைன் என்றே சொல்லு.

புலவர்கள் குடியைப் பற்றிப் பாடியதில் எனக்குப் பிடித்தது ஒளவையார் அதியமான் இறந்தபோது பாடியதுதான். கொஞ்சமாகக் கள் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் சேர்ந்து குடிப்பான். "சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே." எல்லாரும் அதியமானாக இருந்துவிட்டால் ஒரு பிரச்சினையும் இல்லை.

எகிப்துப் படம், நக்த் என்பவரின் கல்லறைச் சுவர். 3,400 ஆண்டுகளுக்கு முந்தியது என்று எழுதிவிட்டு அதோடு விட்டுவிட்டாய். அந்தக் கயிற்றைப் பற்றி ஏன் எழுதவில்லை? தொட்டிக்குள் நின்று பழத்தை மிதிக்கிறவர்கள் ஆளுக்கொரு கயிற்றை மேலே எட்டிப் பிடித்திருக்கிறார்கள். சாறும் தோலும் சேர்ந்தால் கால் வழுக்கும். பிடி இல்லாமல் மிதிக்க முடியாது. வரைந்தவன் அந்த வேலையை நின்று பார்த்தவன். காலி ரயிலில் போகும்போது வாதுவைப் பக்கம் தென்னைக்குத் தென்னை கட்டியிருக்கும் கயிறு உனக்கு ஞாபகம் இருக்கிறதா? கீழே இறங்காமல் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குக் கயிற்றிலேயே நடந்து போய்க் கள் இறக்குவார்கள். சின்ன வயதில் யன்னலோரம் இருந்து, "அம்மா, அந்த மாமா விழமாட்டாரா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாய். அதைச் சொல்லு. குடிப்பவன் படம் ஆயிரம் இருக்கிறது. இறக்குபவன் படம் கொஞ்சம்தான்.

கிரேக்கக் குயவர் எக்செக்கியாஸின் கிண்ணத்துக்கு நீ எழுதியதில் கை வைக்க இடமில்லை. கி.மு. 530 அளவில் செய்தது, இப்போது மியூனிக்கில் இருக்கிறது. படகில் சாய்ந்திருக்கும் வைன் கடவுள் டயோனிசஸ், பாய்மரத்தைச் சுற்றிக் கொடி, ஏழு குலை, ஏழு டொல்பின். கடத்த வந்த கொள்ளையரை டொல்பினாக்கிக் கடலில் விட்ட கதையை இரண்டே வரியில் முடித்திருக்கிறாய், நல்லது. கிண்ணத்தின் வெளிப்புறத்தில் வரைந்த இரண்டு பெரிய கண்கள், குடிக்கத் தூக்கியதும் எதிரே இருப்பவருக்கு முகமூடிபோலத் தெரியும் என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியை இரண்டு தரம் வாசித்தேன்.

ஏழாம் படத்துக்கு நீ ஒன்றும் எழுதவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் அரைத் தாள், ஒரு தாள், அதற்கு மட்டும் "பிரைகோஸ் ஓவியர், கி.மு. 490 அளவில், வூர்ட்ஸ்பேர்க்". மறந்துவிட்டாய்போல. பிறகு வருகிறேன்.

இங்கே எல்லாம் வழமைபோலத்தான். மரைன் டிரைவ் பக்கத்து யன்னல் கம்பி உப்புக்காற்றில் துருவேறி விழுந்துவிட்டது, மாற்றினேன். பெரியம்மாவின் முழங்கால் அப்படியே. சித்தியின் மகன் போன மாதம் லண்டனிலிருந்து வந்தபோது ஒரு பின்னேரம் வந்து இருந்து தேநீர் குடித்தான். உங்கள் வீட்டில் இரண்டு நாள் நின்றதாகச் சொன்னான். எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். "நல்லாயிருக்கிறார்கள், பெரியம்மா" என்றான். அந்தப் பிள்ளை ஒரு கேள்விக்கு அரை மணித்தியாலம் பதில் சொல்கிறவன். அன்றைக்கு அந்த இரண்டு சொல்லோடு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உன் சம்பளம் உன் பெயரில் உள்ள கணக்குக்குத்தானே போகிறது? கூட்டுக் கணக்கு நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. உன் பெயரிலும் ஒன்று இருக்கட்டும்.

படங்களுக்கு வருகிறேன். கரவாஜியோவின் பாக்கஸ், ரோமரின் வைன் கடவுள், எனக்கு ஒருகாலமும் பிடித்ததில்லை. திறமையை யார் இல்லையென்றது? கொண்டைபோல இலையும் பழமும் சூடிய பையன், இடது கையில் ததும்பும் கிண்ணத்தை நம் பக்கம் நீட்டுகிறான், நகத்தில் அழுக்கு, முன்னால் தட்டில் பழம் அழுகத் தொடங்கிவிட்டது. வா என்று கூப்பிடுகிற முகமும் அழுகிற பழமும் ஒரே மேசையில். உண்மையாகத்தான் இருக்கிறது, அதனால்தான் பிடிக்கவில்லை. டெகாவின் படத்தில் அந்தப் பெண்ணுக்கு முன்னால் இருப்பது அப்சிந்த் என்ற சாராயம். அது வைன் இல்லை, உன் தலைப்புக்குள் வராது. எடுத்துவிடு. நடிகை ஒருத்தி அவருக்காக மேசையில் வந்து இருந்தாள், குடிகாரி இல்லை. 1893இல் உங்கள் லண்டனில் காட்டியபோது பத்திரிகைகள் அதைக் கிழித்தன. அவளைப் பார்க்க எனக்கு அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான். செசானின் சீட்டாட்டக்காரர் இருவருக்கும் நடுவில் ஒற்றைப் போத்தல். அப்பாவும் மாமாவும் முந்நூற்று நான்கு ஆடும்போது இப்படித்தான் பேச்சில்லாமல் இருப்பார்கள். அவர்கள் போத்தலை மேசைக்குக் கீழே வைப்பார்கள், அதுதான் வித்தியாசம்.

வெர்மேரின் படத்தில் உனக்குப் பிழைத்துவிட்டது. பெர்லினில் இருக்கும் படம், 1660 அளவில் வரைந்தது. "இருவரும் வைன் அருந்துகிறார்கள்" என்று எழுதியிருக்கிறாய். நன்றாகப் பார். கிளாஸ் ஒன்றுதான். அது அவள் கையில். குடித்து முடிக்கிறாள், கிளாஸ் முகத்தையே மறைக்கிறது. அவன் குடிக்கவில்லை. தொப்பியும் கழற்றாமல், வெள்ளைக் கூசாவில் கையை வைத்துக்கொண்டு, அவள் எப்போது முடிப்பாள் என்று நிற்கிறான். பக்கத்து யன்னலின் நிறக் கண்ணாடியில் கடிவாளத்தோடு ஒரு பெண் உருவம். அடக்கம் என்ற குணத்தின் அடையாளம். நான் படிப்பித்த காலத்தில் பிள்ளைகளுக்குச் சொல்வேன்: படத்தில் முகத்தைப் பார்ப்பதற்கு முதல் கையைப் பார். முகம் பழகிக்கொள்ளும். கைக்கு நடிக்கத் தெரியாது.

யான் ஸ்டீனின் படம், ஹேக் நகரத்தில் உள்ளது. கிழவி பாட்டுத் தாளை வைத்துப் பாட, ஒரு பெண் கிளாஸை நீட்ட, மேலேயிருந்து வைன் நூலாக இறங்க, ஒரு வீடே சிரித்துக் கூத்தாடுகிறது. நீ அதன் பெயரைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்து, "பெரியவர்கள் பாடினால் சிறியவர்கள் குழல் ஊதுவர்" என்று எழுதியிருக்கிறாய். தமிழில் அதற்கு நேரே பழமொழி இருக்கும்போது இது எதற்கு? "முன்னேர் போன வழியே பின்னேர் போகும்." அடித்துவிட்டு அதை எழுதியிருக்கிறேன். படம் 1668க்கும் 1670க்கும் இடையில் வரைந்தது என்கிறார்கள். அப்போது கொழும்பு ஒல்லாந்தர் கையில். 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்துவிட்டார்கள். அலுவலகத்தைக் கந்தோர் என்பதும் மேசை இழுப்பறையை லாச்சி என்பதும் அவர்கள் விட்டுப்போன சொற்கள்தான். கள்ளுக்கடையைத் தவறணை என்பது அதற்கும் முந்தி வந்தவர்களுடையது. உன் கூட்டத்துக்கு இது பிடிக்கும்.

அந்தப் படத்தில் சின்னப் பையனுக்குப் புகைக்குழாய் பிடிக்கக் கற்றுக்கொடுத்துச் சிரித்துக்கொண்டு இருக்கும் ஆள் ஸ்டீனேதான். தன் முகத்தையே அங்கே வைத்திருக்கிறார். பிள்ளைக்குக் கெட்டதைக் கற்றுக்கொடுப்பவனை வரைய அந்த மனிதன் வேறு யாரையும் தேடிப் போகவில்லை.

கடைசியாக வெரோனேசே. இதில்தான் நிறைய நேரம் செலவழித்தேன். கானாவூர்க் கலியாணம், 1563. உயரம் 6.77 மீற்றர், அகலம் 9.94 மீற்றர். நமது வீட்டு முன்சுவர் முழுவதையும் கொடுத்தாலும் காணாது. வெனிஸில் துறவிகளின் சாப்பாட்டு மண்டபத்துக்காக வரைந்தது; 1797இல் நெப்போலியனின் ஆட்கள் துண்டாக்கிச் சுருட்டிப் பாரிசுக்குக் கொண்டுபோனார்கள், அது அங்கேயே இருக்கிறது. கூலி 324 டுக்காட், சாப்பாடு, அதற்கு மேல் ஒரு பீப்பா வைன். இதை நீ எழுதவில்லை, சேர்த்துக்கொள். எல்லாரும் ரசிப்பார்கள்.

கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் இருபத்தேழு வருடம் படிப்பித்ததில் எனக்கும் அந்தக் கதை மனப்பாடம். "அவர்களிடம் ரசம் இல்லை" என்று மகனிடம் போய்ச் சொல்பவள் தாய்தான். கலியாண வீட்டார் மானம் போய்விடும் என்ற கவலை. ஆறு கற்சாடித் தண்ணீரை இயேசு வைனாக்கிக் கொடுக்கிறார். கணக்குப் பார்த்தால் 500 லீற்றர் அளவில் வரும். எங்கள் வீட்டில் எனக்கு அந்தக் கவலை ஒருநாளும் வந்ததில்லை. போயாவுக்குக் கடை பூட்டு என்றால் முதல் நாளே வந்து சேர்ந்துவிடும்.

நீ அடிக்குறிப்பில் தள்ளிவிட்ட ஒரு விஷயம் இருக்கிறது. பத்து வருடம் கழித்து, 1573இல், அதே வெரோனேசே இயேசுவின் கடைசி இராப்போசனம் என்று ஒரு பெரிய படம் வரைந்தார். கோமாளி, குள்ளர், குடித்த ஜெர்மன்காரர் என்று கூட்டத்தை நிரப்பிவிட்டார். மத விசாரணைக்காரர்கள் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார்கள்: ஆண்டவரின் கடைசிச் சாப்பாட்டில் இதெல்லாம் பொருத்தமா? மூன்று மாதத்துக்குள் உன் செலவில் திருத்து என்றார்கள். அவர் அந்தக் குடிகாரரை அழிக்கவில்லை. படத்தின் பெயரை மாற்றினார். "லேவி வீட்டு விருந்து" என்று போட்டுவிட்டார். அவ்வளவுதான். எல்லாருக்கும் திருப்தி. படம் அப்படியே.

இதோடு ஆறாம் தாள் முடிகிறது. அடுத்த தாளுக்கு இலக்கம் போடவில்லை. நீ எடுத்து வேறாக மடித்து வைத்தாலும் வாசிப்பு தடைப்படாது. மற்றத் தாள்களை நீ எந்த மேசையிலும் போட்டு வைக்கலாம், யாரும் எடுத்துப் பார்க்கலாம். படங்களைப் பற்றியது.

பிள்ளை, தைப்பொங்கலன்று அவருக்குக் காய்ச்சல் என்றாய். சித்திரை வருடப்பிறப்புக்கு, விருந்துக்குப் போகவில்லை, காய்ச்சல் என்றாய். போன ஞாயிறும். காய்ச்சல் மனிதருக்கு வரும். நான் அதைக் கேட்கவில்லை. நீ அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்துகிறாய். குரலைத் தழைத்து, "அவருக்கு" என்று சொல்லி, நிறுத்தி, "காய்ச்சல்." அந்த நிறுத்தம் உன்னுடையது இல்லை. அதை நான்தான் உனக்குச் சொல்லித் தந்தேன்.

கொட்டாஞ்சேனை வீட்டில், குசினி வாசற்படியில். நீ மூன்றாம் வகுப்பு. அப்பாவின் கந்தோருக்கு நான் எடுத்துச் சொன்னால் பெரியவர் நம்புவதில்லை. இரண்டு மூன்று தரம் அவர் சிரித்தது தொலைபேசியில் கேட்டது. பிள்ளை சொன்னால் நம்புவார் என்று தோன்றியது எனக்குத்தான். அப்பாவுக்கு இதில் ஒன்றும் தெரியாது, அவர் அந்த நேரம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். "தாத்தாட்ட உண." அப்பாவுக்குக் காய்ச்சல் என்று அர்த்தம். சிங்களத்தில் நீ கற்ற முதல் முழு வசனம் அதுதான். அவசரப்படாதே, நடுவில் கொஞ்சம் நிறுத்து, அழப்போகிறதுபோல இரு, அழாதே என்று நான் முன்னால் இருந்து சொல்ல, நீ பள்ளிக்கூடச் சட்டையோடு நின்று திரும்பத் திரும்பச் சொன்னாய். பிறகு என்னைப் பார்த்து, "எங்கள் வீட்டில் தாத்தா என்று ஒருவரும் இல்லையே. அப்படியென்றால் இது பொய் இல்லைத்தானே, அம்மா?" என்று கேட்டாய். இல்லை என்றேன். தொலைபேசி எடுக்கச் சந்திக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நீ அச்சொட்டாகச் சொன்னாய். திரும்பி வரும்போது ஒரு கண்டோஸ் சொக்லேட் வாங்கித் தந்தேன்.

வலு கெட்டிக்காரி என்று அன்று பின்னேரம் சித்தியிடம் பெருமையாகச் சொன்னதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அதற்குப் பிறகு எத்தனை தரம் என்று நான் எண்ணவில்லை. நீ எண்ணியிருப்பாய். அவர் போனபோது மரண அறிவித்தலில் "சுகவீனம் காரணமாக" என்று கொடுத்தேன். ஐம்பத்து நான்கு வயது மனிதருக்கு என்ன சுகவீனம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க எல்லாருக்கும் நான் பழக்கிவிட்டிருந்தேன். அவர் கெட்டவர் இல்லை. அவர் கெட்டவர் இல்லை என்பதை நிரூபிப்பதிலேயே இருபது வருடம் போனது. அதில் ஒருநாளாவது அவருக்கு முன்னால் இருந்து, "இது காய்ச்சல் இல்லை" என்று நான் சொன்னதில்லை. ஒருவேளை அதைக் கேட்பதற்காக அவரும் காத்திருந்தாரோ என்னவோ. கோபித்துக்கொண்டேன், பேசாமல் இருந்தேன், சாப்பாட்டை மூடி வைத்தேன், நீல வாளியைக் கட்டிலடியில் வைத்தேன். அந்த ஒரு வசனத்தை மட்டும் சொல்லவில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு மேலே திரும்பிப் பார்க்கிறேன். இந்தத் தாளையும் ஒளிக்க வழி செய்துகொண்டுதான் எழுதத் தொடங்கியிருக்கிறேன். அறுபத்தெட்டு வயதில் இன்னும் கைவிடவில்லை. பேனையை எடுத்து மூலையில் 7 என்று போட்டுவிட்டேன். நீ உருவி எடுத்தால் இனி இலக்கம் இடிக்கும். எடுப்பதும் விடுவதும் உன் விருப்பம். உன் வீட்டில் எது நல்லதென்று உனக்குத்தான் தெரியும். உனக்குப் பயமாக இருக்குமென்றால் எடுத்துவிடு, நான் கோபிக்கமாட்டேன்.

எட்டாம் தாள். ஏழாம் படத்துக்குக் குறிப்பு நான் எழுதுகிறேன், பிடித்திருந்தால் சேர்த்துக்கொள்.

"இதுவும் வைன் குடிக்கும் கிண்ணம். வெளிப்புறத்தில் விருந்து முடிந்து ஆட்டமும் பாட்டுமாகப் போகிறவர்கள். உள்ளே அடியில் ஒரு வட்டம்; வைன் நிறைந்திருக்கும்வரை அது தெரியாது, குடித்து முடித்தவன் கண்ணுக்குத்தான் தெரியும். அங்கே ஓர் இளைஞன் குனிந்து வாந்தி எடுக்கிறான். ஒரு பெண் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் கூலிக்கு வந்தவளாகவோ அடிமையாகவோ இருக்கலாம் என்கிறார்கள். பெயர் இல்லை. அவளுடைய முகத்தில் கோபமும் இல்லை, அருவருப்பும் இல்லை. கைகளைப் பார்க்கவும்."

அந்தப் பிடி எனக்குப் பழக்கம். நெற்றியில் ஒரு கை, பின்கழுத்தில் ஒரு கை. பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கும், அடுத்த நாள் கரும்பலகையில் எழுதும்போது சோக்கட்டி நடுங்கும். உனக்கும் மணிக்கட்டு நோகிறது என்று மாசியில் சொன்னாய், கணினி என்றாய். கணினியாகவும் இருக்கலாம்.

நீ இந்தப் படத்தைப் பன்னிரண்டில் ஒன்றாகச் சேர்த்ததும், ஒன்றும் எழுதாமல் எனக்கு அனுப்பியதும் மறதியாக இருந்தால், இந்தக் கிழவி கண்டதையும் நினைத்து எழுதிவிட்டாள் என்று சிரித்துவிட்டுப் போ. மறதி இல்லையென்றால், எனக்கு வந்து சேர்ந்துவிட்டது.

நாளை போயா, தபாற் கந்தோர் பூட்டு. நாளை மறுநாள் காலையிலேயே கொண்டுபோய்ப் பதிவுத் தபாலில் போடுவேன். திருத்திய குறிப்புகளும் இதோடு வருகின்றன. ஒற்றுப்பிழைகளைக் கவனி, "ஓவியத்தை பார்த்தான்" என்று இனி எழுதாதே, வெட்கக்கேடு. ஞாயிற்றுக்கிழமை நீ எடுக்கும் நேரத்துக்கு நான் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருப்பேன். பேச முடியாவிட்டால் பேச வேண்டாம். சும்மா பிடித்துக்கொண்டு இரு, நான் சித்தியின் கதை சொல்கிறேன். காய்ச்சல் என்று மட்டும் என்னிடம் சொல்லாதே.

இப்படிக்கு,
அம்மா

பி.கு.: நேரத்துக்குச் சாப்பிடு. கணக்கு உன் பெயரில் இருக்கட்டும் என்று மேலே எழுதினேனா? எழுதினேன். ஒரு வழி விமானச் சீட்டுக்கான காசு என் வங்கிப் புத்தகத்தில் தனியாக இருக்கிறது, போன வருடமே ஒதுக்கிவிட்டேன். பின்னறையில் நீ வைத்துவிட்டுப் போன வர்ணப் பெட்டிகளை எடுத்து அடுக்கி, கட்டிலுக்குப் புது மெத்தை போட்டிருக்கிறேன். பழையது கரப்பான் அரித்துவிட்டது.